படகில் இரண்டு பேட்டரி: செல்ஃபுக்கு ஒன்று, விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் ஒன்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேம்பாரிலிருந்து கூட்டப்புளி வரை படகு வயரிங் வேலைக்குப் போகிற இடமெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. விசைப்படகு, தோணி, எஞ்சின் பூட்டிய வல்லம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி பதில் எழுதியிருக்கிறேன். எது எதற்கு மட்டும் பொருந்துமோ அதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஒரே பெரிய பேட்டரியா வாங்கிப் போட்டா போதும்லா அண்ணாச்சி? எதுக்கு ரெண்டு?

போதாது. எவ்வளவு பெரிய பேட்டரி என்றாலும் அது ஒன்றுதான் என்றால், ராத்திரி விளக்கும் ஜிபிஎஸ்ஸும் அதைக் காலி செய்தபிறகு காலையில் செல்ஃப் எடுக்க அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது. ரோட்டில் லாரி நின்றால் நாலு பேர் தள்ளலாம், மெக்கானிக்கைக் கூப்பிடலாம். கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் நம் கரையோரம் எஞ்சின் நின்ற படகு ஒவ்வொரு நிமிஷமும் கரையை விட்டு விலகிக்கொண்டே போகும்.

அதனால் நான் வயரிங் போடுகிற எந்தப் படகிலும் முதல் விதி இதுதான்: எஞ்சின் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கும் எஞ்சினின் சொந்த மீட்டர்களுக்கும் தவிர வேறு எதற்கும் ஒரு வயர்கூடப் போகக் கூடாது. செல்போன் சார்ஜர்கூட. "ஒரு சின்ன எல்இடி பல்புதானே" என்று ஆரம்பித்து, ஆறு மாதத்தில் அந்த டெர்மினலில் ஏழெட்டு வயர் தொங்குகிற படகுகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

கடையில ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. உள்ளே என்ன வித்தியாசம்?

செல்ஃபுக்கான பேட்டரியில் தகடுகள் மெல்லிசாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். மொத்தப் பரப்பு அதிகம் என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை நாலைந்து நொடிக்கு அள்ளிக் கொடுக்கும். ஆனால் அந்த மெல்லிசுத் தகட்டை அடிவரை காலி செய்து நிரப்பினால் பூச்சு உதிர்ந்து அடியில் படிந்துவிடும். சில பத்துத் தடவை அப்படிச் செய்தாலே பேட்டரி முடிந்தது.

விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் ஓட்டுவதற்கு ட்யூபுலர் பேட்டரி, அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற வகை. அதன் பாசிட்டிவ் தகடு குழாய் குழாயாகத் துணி உறைக்குள் இருப்பதால் பூச்சு உதிராது. மெதுவாக, மணிக்கணக்கில் எடுத்தால் நன்றாகக் கொடுக்கும். செல்ஃப் இழுக்கிற வேகத்தில் எடுக்கச் சொன்னால் திணறும்.

ஒரு கணக்கு பாருங்கள். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கிறது, எஞ்சின் 3 நொடியில் பிடித்துக்கொள்கிறது என்றால், செலவானது கால் ஏ.எச் மட்டும் (ஏ.எச் என்பது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). டைனமோ அதைச் சில நிமிஷத்தில் திருப்பிப் போட்டுவிடும். ஆகையால் எஞ்சின் பேட்டரி எந்நேரமும் நிறைந்தே இருக்க வேண்டிய பேட்டரி, மற்றது தினமும் இறங்கி ஏறுகிற பேட்டரி. வாங்கும்போது எஞ்சினுக்கு உள்ளதில் ஏ.எச்சைவிட எத்தனை ஆம்பியர் ஸ்டார்ட்டிங் கரண்ட் தரும் என்பதைப் பாருங்கள், மற்றதில் ஏ.எச்சைப் பாருங்கள்.

ட்யூபுலரில் உயரமான மாடலைப் படகுக்கு வாங்காதீர்கள். அலையில் சாய்ந்தால் ஆசிட் வெளியே வரும், கட்டி நிறுத்தவும் சிரமம். குட்டை மாடல்தான் நமக்கு.

விளக்கு பேட்டரி எத்தனை ஏ.எச் போடணும்?

ஆளுக்கு ஆள் ஒரு நம்பர் சொல்வார்கள். நீங்களே கூட்டிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு வலை போட்டுக் காத்திருக்கிற ஒரு ராத்திரி, 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், 12 வோல்ட்டில்.

10 வாட் எல்இடி நாலு, 6 மணி நேரம் எரிந்தால் 20 ஏ.எச். ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் (ஆழம் காட்டுகிற கருவி) சேர்ந்து 2 ஆம்பியர் வீதம் 24. வயர்லெஸ் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர்தான், பேசும்போது 6 ஆம்பியர் வரை போகும். அரை மணி நேரம் பேசினாலும் மொத்தம் 9. நங்கூர விளக்கு 5. ஐந்தாறு செல்போன் சார்ஜ் செய்ய 8. தண்ணீர் இறைக்கிற பம்ப் விட்டு விட்டு ஓடினால் 2. கூட்டினால் 68 ஏ.எச்.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே இரண்டால் பெருக்குங்கள்: 136. கடையில் கிடைக்கிற அளவில் 150 ஏ.எச். ஒரு படகுக்கு இது சரியாக வரும், பக்கத்துப் படகில் ஃபிரிட்ஜ் இருந்தால் அவருக்கு வராது. உங்கள் படகில் இருக்கிற ஒவ்வொரு சாமானின் பின்பக்கமும் வாட் போட்டிருக்கும், 12ஆல் வகுத்தால் ஆம்பியர்.

ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் விற்கிற ட்யூபுலர் பேட்டரியில் ஒட்டியிருக்கிற 150 என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கிற அளவு, அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். 30, 40 ஆம்பியர் வீதம் உறிஞ்சினால் அத்தனை ஏ.எச் வராது.

எங்க எஞ்சின் 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரியல்ல இருக்கு. ஜிபிஎஸ்ஸுக்கு அதுல ஒண்ணுலயிருந்து 12 எடுத்துக்கலாமா?

லாஞ்சிகளில், அதாவது விசைப்படகுகளில், நான் அதிகமாகப் பார்க்கிற கோளாறு இது. செய்யாதீர்கள். செய்திருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

இரண்டு பேட்டரியும் சீரியலில், அதாவது ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவோடு சேர்ந்து, இருக்கும்போது டைனமோ மொத்தமாக 28 வோல்ட் கொடுக்கிறது. எது எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கீழ் பேட்டரியிலிருந்து (நெகட்டிவ் பக்கம் உள்ளது) மட்டும் ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்கு என்று எடுத்தால் அது எப்போதும் பாதி வயிற்றோடு கிடக்கும். சார்ஜ் ஆகும்போது அதன் முனையில் 13 சொச்சம்தான் நிற்கும், மிச்சம் முழுக்க மேல் பேட்டரியின் தலையில் விழும். அது 15 வோல்ட்டைத் தொட்டுக் கொதிக்கும், வாரா வாரம் தண்ணீர் வற்றும். கீழ் பேட்டரியில் தகடு வெள்ளைப் பூத்துக் கெட்டிப்படும். ஆக, ஒன்று பட்டினியால் சாகிறது, மற்றது அதிகமாகத் தின்று சாகிறது. சம்மாட்டி (படகு முதலாளி) "பேட்டரி கம்பெனி சரியில்லை" என்று சொல்லி ஒன்றை மட்டும் மாற்றுவார். பழசும் புதுசும் சீரியலில் சேர்ந்தால் அதே கதை இன்னும் வேகமாக நடக்கும். மாற்றினால் இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே மாதத் தயாரிப்பாகப் பார்த்து மாற்றுங்கள்.

வழி இரண்டு உண்டு. 24ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, அதன் இன்புட்டை இரண்டு பேட்டரிக்கும் குறுக்கே 24லிருந்து கொடுப்பது. ஆனால் அப்போதும் செலவு எஞ்சின் பேட்டரியிலிருந்துதான் போகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிற நேரத்துக்கு மட்டும் அது சரி. இரண்டாவது, 12 வோல்ட் ட்யூபுலர் ஒன்றைத் தனியாக வைத்து, 24லிருந்து 12க்குச் சார்ஜ் செய்கிற டிசி சார்ஜர் போடுவது. எஞ்சின் ஓடும்போது மட்டும் அது வேலை செய்யும்படி வயரிங் கொடுத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. செலவு கூடுதல்தான். வருஷா வருஷம் இரண்டு பெரிய பேட்டரி வாங்குகிற செலவோடு வைத்துப் பாருங்கள்.

ஒரே டைனமோவுல ரெண்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்துறது எப்படி?

(இது எஞ்சினும் 12 வோல்ட், விளக்கும் 12 வோல்ட் என்று உள்ள படகுகளுக்கு.)

மலிவான வழி 1 – 2 – இரண்டும் – ஆஃப் என்று நாலு நிலை உள்ள சுழல் சுவிட்ச். எஞ்சின் பிடித்ததும் "இரண்டும்" நிலைக்கு, எஞ்சினை நிறுத்தியதும் விளக்கு பேட்டரி நிலைக்குத் திருப்ப வேண்டும். வேலை செய்யும். ஆனால் மனுஷன் ஞாபகத்தை நம்பிய ஏற்பாடு. வலை இழுத்த அசதியில் திருப்ப மறந்தால் காலையில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து காலி. இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது இந்தச் சுவிட்சை ஆஃப் நிலைக்குக் கொண்டுபோனால் டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். சுவிட்ச் மேலேயே அதைப் பெயிண்டில் எழுதி வையுங்கள்.

நான் சொல்வது வோல்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து தானே பிரிகிற ரிலே. எஞ்சின் பேட்டரியில் 13.3 வோல்ட் பக்கம் வந்தால், அதாவது டைனமோ சார்ஜ் கொடுக்கிறது என்று தெரிந்தால், அது இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்று 12.8 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். யாரும் எதையும் தொட வேண்டாம். டைனமோ ஆம்பியரைவிடக் கூடுதலான ஆம்பியருக்கு வாங்குங்கள்.

டயோடு வைத்துப் பிரிக்கிற பழைய பெட்டியும் கிடைக்கிறது. அதில் 0.7 வோல்ட் வரை வழியிலேயே போய்விடும். டைனமோ 14.2 கொடுத்தால் பேட்டரிக்கு 13.5 வரும், பேட்டரி ஒருநாளும் நிறையாது. வேண்டாம்.

எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினா பேட்டரி நிறைஞ்சிரும்லா?

நிறையாது. டைனமோவில் 55 ஆம்பியர் என்று போட்டிருப்பதை வைத்து 68 ஏ.எச்சை வகுத்து, ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். பேட்டரி அப்படி வாங்காது. முதல் 80 சதவீதம் ஓரளவு வேகமாக ஏறும், கடைசி 20 சதவீதத்துக்கு நாலைந்து மணி நேரம் எடுக்கும். மீதி நிறையாமலேயே தினமும் விட்டால் தகடு கெட்டிப்படும். தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகு காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். அதற்குள் எஞ்சின் பல மணி நேரம் ஓடிவிடுவதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தோணியும் ராத்திரி வலைக்குப் போகும் வல்லமும்தான் இதில் மாட்டுகின்றன.

அப்ப சோலார் போடலாமா?

கண்டிப்பாகப் போடுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு 100 வாட் பேனல் ஒன்று நல்ல நாளில் 25 ஏ.எச்சுக்கு மேல் தரும். அதைவிட முக்கியம், அந்தக் கடைசி 20 சதவீதத்தை நிதானமாக நிரப்ப பேனலைப் போல எதுவும் இல்லை. சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் நேராகப் பேட்டரியில் கொடுக்காதீர்கள். பேனல்மேல் பாய்மர நிழலோ காய்கிற வலையோ ஒரு ஓரம் விழுந்தாலும் கரண்ட் பாதிக்கு மேல் குறையலாம். உப்புப் படிவதை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வயர் எந்த சைஸ்? வீட்டுக்கு இழுத்த 2.5 ஸ்கொயர் மிச்சம் கிடக்கு.

அதை வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் வழியில் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு.

பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி ஒரு பம்ப், 10 ஆம்பியர் இழுக்கிறது. போக 6, வர 6, ஆக 12 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயரில் (சதுர மில்லிமீட்டர்) 0.84 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயரில் 0.35. 10 ஸ்கொயரில் 0.21. வயர்லெஸ் கேட்கிறது, ஆனால் பேசினால் மறுமுனைக்குப் போகவில்லை என்று வருகிற புகாரில் பாதி, வயர் மெலிசாக இருப்பதால்தான். கேட்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 6 ஆம்பியர் என்று மேலே சொன்னேன் அல்லவா, பட்டனை அமுக்கியதும் வோல்டேஜ் விழுந்து செட் அணைகிறது.

செல்ஃபுக்கு இன்னும் கவனம் வேண்டும். போக வர 4 மீட்டர், 300 ஆம்பியர் என்றால் 25 ஸ்கொயர் கேபிளில் 0.84 வோல்ட் போகும், 50 ஸ்கொயரில் 0.42. எஞ்சின் பேட்டரி செல்ஃபுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கட்டும்.

ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பூசாத செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்து, பச்சை பூத்துப் போகும். அப்புறம், லாரி எலெக்ட்ரீசியன் கைப்பழக்கத்தில் நெகட்டிவை எஞ்சின் பாடியில் கொடுத்துவிட்டுப் போவார். மரப் படகிலும் ஃபைபர் படகிலும் பாடி கரண்ட் கடத்தாது. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு வயர் போய் வர வேண்டும்.

ஃபியூஸ் எங்கே?

விளக்கு பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃபியூஸ். பிறகு ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ். சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், பேட்டரிக்கும் பலகைக்கும் இடையே வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இல்லை. படகில் தீ பிடித்தால் ஓட இடம் கிடையாது. மிதவை வைத்துத் தானாக ஓடுகிற தண்ணீர் பம்புக்கு மட்டும், மெயின் சுவிட்சைத் தாண்டி, சொந்த ஃபியூஸோடு நேர் லைன் கொடுங்கள். ஆள் இல்லாமல் துறையில் கட்டிக் கிடக்கும்போதும் அது ஓட வேண்டும்.

பேட்டரியை எங்கே வைக்கிறது? எஞ்சின் ரூம்லதான் இடம் இருக்கு.

எஞ்சின் பேட்டரிக்கு வேறு வழி இல்லை. விளக்கு பேட்டரியை முடிந்தவரை வெளியே கொண்டுவாருங்கள். சூடு 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். அது மேலே போகிற வாயு, ஆகவே பெட்டியின் மேல்பக்கம் காற்றுப் போக ஓட்டை வேண்டும். பெட்டிக்குள் ரிலேயோ சுவிட்சோ வைக்காதீர்கள். பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள்.

கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும். மூடின அறையில் அது ஆளைக் கொல்லும். அதனால் அடித்தண்ணீர் ஏறுகிற மட்டத்துக்கு மேலே பலகை அடித்து, ஆசிட் தாங்குகிற பிளாஸ்டிக் தட்டில் வைத்து, நைலான் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் பேட்டரி அசையக் கூடாது.

தண்ணீர் ஊத்துறது பத்தி?

டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் கடற்கரை ஊர்களின் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்ஓ தண்ணீரும் குடிக்கத்தான். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் காயிலின் உலோகத் துகளும் தூசியும் கலந்திருக்கும். தகடு வெளியே தெரிந்தால் உடனே தகடு மூழ்குகிற அளவு ஊற்றுங்கள், மிச்சத்தைச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், வற்றியது தண்ணீர்தான்.

எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு எப்படிப் பார்க்க?

சார்ஜும் இல்லாமல் செலவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 11.9 என்றால் ஏறக்குறைய காலி. எஞ்சின் நின்ற உடனே பார்த்து "13 காட்டுதே" என்று சந்தோஷப்படுவதில் பொருள் இல்லை, அது தகட்டின் மேல்பரப்பில் மட்டும் நிற்கிற சார்ஜ், சீக்கிரம் இறங்கிவிடும். ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கிற ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகம். ஐந்து செல்லில் 1.240, ஒன்றில் மட்டும் 1.150 காட்டினால் அந்தச் செல் போய்விட்டது.

லித்தியம் வாங்கலாமா?

விளக்கு பேட்டரிக்கு நல்ல சரக்கு. எடை பாதிக்கும் குறைவு, 80 சதவீதம் வரை எடுக்கலாம், சரியாக வைத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான தடவை இறங்கி ஏறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே வயரில் இதை மாட்டக் கூடாது. லித்தியம் கொடுத்த கரண்டை எல்லாம் விழுங்கும், டைனமோ மணிக்கணக்கில் முழு ஓட்டத்தில் ஓடிக் கருகும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு திடீரென்று துண்டித்தால் டயோடும் போகும். நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்துகிற டிசி சார்ஜர் கட்டாயம். எஞ்சின் பேட்டரி லெட் ஆசிட்டாகவே இருக்கட்டும்.

இங்கிலாந்துல கால்வாய்ப் படகுலயே குடியிருக்காங்க, வீடியோ பார்த்தேன். அதே மாதிரி செய்யலாமா?

அடிப்படை ஒன்றுதான். செல்ஃபுக்கு ஒரு பேட்டரி, வீட்டுச் சாமான்களுக்கு மூன்று நாலு பேட்டரி சேர்த்த வரிசை, நடுவில் ரிலே. அவர்கள் 7 அடி அகலமுள்ள நீளப் படகில் ஃபிரிட்ஜ், டிவி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓட்டுகிறார்கள். ஏ.எச் கணக்குப் போடுவதில் அவர்கள் காட்டும் நிதானத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நல்ல தண்ணீர், குளிர், எஞ்சின் நின்றால் கரை கையெட்டும் தூரம். நமக்கு உப்பு, வெயில், திறந்த கடல். வயரிலும் பெட்டியிலும் அவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே செய்ய வேண்டும்.

உவரிப் பக்கம் எங்க வல்லத்துல கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட். எங்களுக்கு எதுக்கு இது?

செல்ஃப் பேட்டரி உங்களுக்கு வேண்டாம். ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்குக்கு ஒரு சின்ன மூடின பேட்டரி, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் போதும். கரைக்கு வந்ததும் வீட்டுக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் போடுங்கள். வயர்லெஸ்ஸுக்கு மட்டும் கடைசிச் சொட்டு வரை மிச்சம் இருக்கும்படி விளக்கைக் குறைத்து எரியுங்கள்.

தடைக்காலத்துல பேட்டரியை என்ன செய்ய?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதுவும் நம் ஊர் கோடையில். சும்மா வைத்தாலே பேட்டரி தானாக இறங்கும், இறங்கியே கிடந்தால் தகடு கெட்டிப்படும். படகைக் கரையேற்றும் அன்றே முழுச் சார்ஜ் போட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நிழலில் வையுங்கள். மாதம் ஒருதடவை மறுபடி சார்ஜ். டெர்மினலைச் சோடா உப்புக் கரைசலில் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள். கேபிள், லக், ரிலே எல்லாம் பார்த்து மாற்றவும் இதுதான் காலம்.

நடுக்கடல்ல செல்ஃப் எடுக்கலைன்னா?

திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். முதலில் நங்கூரம் போடுங்கள், ஆழம் விடாவிட்டால் வேறு வழியில் படகு ஒதுங்குவதைக் குறையுங்கள். டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ சூடாக இருந்தாலோ கோளாறு அங்கேதான், சுரண்டி இறுக்கினால் பாதி நேரம் எடுத்துவிடும். இல்லையென்றால், எஞ்சினும் 12 வோல்ட்டாக இருந்தால் மட்டும், விளக்கு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள்: பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவை எஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. ஐந்து நிமிஷம் அப்படியே விட்டுப் பிறகு திருகுங்கள். இதற்காகவே தடித்த ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி படகிலேயே கிடக்கட்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் விளக்கை எல்லாம் அணைத்து, மிச்சம் உள்ள கரண்டை வயர்லெஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு, 16ஆம் சேனலில் ஜிபிஎஸ் காட்டும் இடத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள். செல்போன் எடுக்கிற தூரம் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554. இந்த எண்ணையும் சேனலையும் வீல் இருக்கும் அறையில், இருட்டில் டார்ச் அடித்தாலும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.